லினக்ஸில் திரை 1024×768-ல் நின்றுவிட்டதா? பழைய கிராபிக்ஸ் கார்டுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பழைய கணினியில் லினக்ஸ் போட்டாயிற்று. எழுத்தெல்லாம் பூதாகரமாகத் தெரிகிறது, பாதி ஜன்னல்களின் 'சரி' பொத்தான் திரைக்கு வெளியே போய்விடுகிறது, அமைப்புகளைத் திறந்தால் 1024×768 தவிர வேறு தேர்வே இல்லை. உடனே எல்லாரும் சொல்வது: "கார்டு பழசு, தாங்கவில்லை."

பெரும்பாலும் கார்டின் மேல் தவறில்லை. 2006, 2007-ல் வந்த கார்டுகூட 1920×1080-ஐ அலட்டிக்கொள்ளாமல் காட்டும். இதே பழுதை வெவ்வேறு கணினிகளில் பார்த்துப் பார்த்து நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்: ஒன்று, சரியான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஏறியிருக்காது, இல்லையென்றால் மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் விவரம் கார்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. இந்த இரண்டில் எது என்று தெரியும் முன் எந்த டிரைவரையும் பதிவிறக்க வேண்டாம். பாதிச் சிக்கல்கள் அந்த அவசரத்தில்தான் பிறக்கின்றன.

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

## எல்லாவற்றுக்கும் முன்: இரண்டு சோதனைகள்

முதல் சோதனை, எல்எஸ்பிசிஐ -என்என்கே. நீளமாகக் கொட்டும். அதில் விஜிஏ என்று வரும் வரியைத் தேடி, அதற்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் என்றால் அங்கே ஐ915 இருக்க வேண்டும். ஏஎம்டி என்றால் ரேடியான் அல்லது ஏஎம்டிஜிபியூ. என்விடியா என்றால் நூவோ (என்-ஓ-யு-வி-இ-ஏ-யு, என்விடியா கார்டுக்கான திறமூல டிரைவர்) அல்லது என்விடியா (நிறுவனத்தின் சொந்த டிரைவர்). வரியே இல்லை என்றால் டிரைவர் ஏறவில்லை.

இரண்டாவது, எக்ஸ்ரேண்டர் (தட்டும்போது எக்ஸ்-ஆர்-ஏ-என்-டி-ஆர்). இதன் முதல் வரியில் மினிமம், கரண்ட், மேக்சிமம் மூன்றும் ஒரே எண்ணாக, உதாரணமாக மூன்றுமே 1024×768 ஆக இருந்து, கீழே வெளியீட்டின் பெயர் 'டிஃபால்ட்' என்றோ 'நன்-1' என்றோ 'அன்நோன்-1' என்றோ இருந்தால் அறிகுறி 1-க்குப் போங்கள். பெயர் விஜிஏ-1, டிவிஐ-1, எச்டிஎம்ஐ-1 என்று ஒழுங்காக இருந்து, பட்டியல் மட்டும் 1024×768-ல் முடிந்தால் அறிகுறி 3. நேற்று வரை சரியாக இருந்து இன்று கெட்டது என்றால் நேரே அறிகுறி 2.

இன்னொன்று. வேறு ஒரு லினக்ஸின் லைவ் யுஎஸ்பி (நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கக்கூடியது) கையில் இருந்தால் அதைப் போட்டு ஒருமுறை பூட் செய்து பாருங்கள். அதில் திரை சரியாக வந்தால் கார்டு, கேபிள், மானிட்டர் மூன்றும் குற்றமற்றவை. நிறுவப்பட்ட லினக்ஸில்தான் கோளாறு. கால் மணி நேரத்தில் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

## அறிகுறி 1: ஒரே ஒரு ரெசல்யூஷன், வெளியீட்டின் பெயர் 'டிஃபால்ட்' அல்லது 'நன்-1'

### நோமோட்செட் ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

நிறுவும்போது திரை கறுப்பாகி, 'சேஃப் கிராபிக்ஸ்' அல்லது 'கம்பாட்டிபிலிட்டி மோட்' வழியாக உள்ளே போனீர்களா? அந்த வழி கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) நோமோட்செட் என்ற சொல்லைக் கொடுக்கிறது. அந்தச் சொல் இருக்கும் வரை கிராபிக்ஸ் டிரைவர் திரையின் அளவைத் தொடவே முடியாது. நிறுவி முடித்த பின்னும் அது சில நேரம் அப்படியே தங்கிவிடும்.

சோதிக்க: கேட் /ப்ராக்/சிஎம்டிலைன். வரும் ஒற்றை வரியில் நோமோட்செட் இருந்தால் ஆள் சிக்கிவிட்டான்.

உடனே நிரந்தரமாக அழிக்க வேண்டாம். மறுதொடக்கம் செய்து, கணினி தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் (மெனு வரவில்லை என்றால் ஷிஃப்ட் அல்லது எஸ்கேப்) 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் அந்தச் சொல்லை மட்டும் அழித்து, கன்ட்ரோல்+எக்ஸ் அழுத்துங்கள். இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் செல்லும். திரை அழகாக வந்தால், ஈடிசி கோப்புறைக்குள் உள்ள டிஃபால்ட் கோப்புறையில் க்ரப் என்ற கோப்பைத் திறந்து, அங்கிருந்தும் அதை எடுத்துவிட்டு சூடோ அப்டேட்-க்ரப் கொடுங்கள். இது டெபியன், உபுண்டு, மின்ட் வகையறாவுக்கு. ஃபெடோராவில் க்ரபி என்ற கருவி இதே வேலையைச் செய்யும்.

திரை கறுப்பாகவே நின்றால் பயப்பட ஒன்றுமில்லை. பவரை அணைத்து மறுபடி போட்டால் பழையபடி வரும். கீழே ஃபர்ம்வேர் பகுதியைப் பாருங்கள். அப்போது காரணம் பெரும்பாலும் அங்கேதான்.

### பழைய எக்ஸ்ஆர்க்.கான்ஃப் கிடக்கிறதா?

ஈடிசி கோப்புறைக்குள் எக்ஸ்11 என்ற கோப்புறை. அதில் எக்ஸ்ஆர்க்.கான்ஃப் என்று ஒரு கோப்பு இருந்தால், யாரோ எப்போதோ எங்கோ படித்துவிட்டு வைத்தது. இன்றைய லினக்ஸுக்கு அது தேவையே இல்லை. திறந்து பார்த்தால் பெரும்பாலும் டிரைவர் என்ற இடத்தில் 'வீசா' அல்லது 'எஃப்பிடெவ்' என்று எழுதியிருக்கும். அழிக்க வேண்டாம், பெயரை மாற்றி வைத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்.

### ஃபர்ம்வேர் இல்லையா?

ஃபர்ம்வேர் என்பது டிரைவர் கார்டுக்குள் ஏற்றும் சிறு மென்பொருள். அது இல்லாமல் போவது ஏஎம்டி கார்டுகளின் சொந்தப் பிரச்சினை. சூடோ டிமெசேஜ் கொடுத்து (தட்டும்போது டி-எம்-இ-எஸ்-ஜி) அதில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். டெபியனில், ஆர்600 அல்லது அதற்குப் பிந்தைய ரேடியான் கார்டுக்கு ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராபிக்ஸ் பொதி (மென்பொருள் தொகுப்பு) தேவை என்று கெர்னலே தெளிவாகச் சொல்லியிருக்கும். இதைவிட வெளிப்படையாக எந்தப் பிழைச் செய்தியும் பேசாது, ஆனாலும் யாரும் படிப்பதில்லை.

அந்தப் பொதியை நிறுவி, சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு கொடுத்து மறுதொடக்கம் செய்தால் முடிந்தது. 2023-ல் வந்த டெபியன் 12 முதல் இந்த ஃபர்ம்வேர்கள் அதிகாரப்பூர்வ நிறுவியோடு சேர்ந்தே வருகின்றன. அதற்கு முந்தைய பதிப்பிலிருந்து மேம்படுத்திக்கொண்டே வந்தவர்கள்தான் மாட்டுவார்கள்: பொதிகள் எங்கிருந்து வரும் என்று சொல்லும் மூலப் பட்டியலில் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற பகுதியைச் சேர்த்தால்தான் பொதி கண்ணில் படும். உபுண்டுவில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதி இருந்தால் போதும். பழைய இன்டெல், பழைய என்விடியா கார்டுகளுக்குத் திரை காட்ட ஃபர்ம்வேர் வேண்டியதில்லை.

### டிரைவரே கிடையாதா?

சில சிப்புகளுக்கு இந்த வீட்டில் இடமில்லை. எஸ்ஐஎஸ் 671, 771 அப்படிப்பட்டவை. பொதுவான வீசா டிரைவரில்தான் ஓட வேண்டும். வீசாவுக்கு, கார்டின் பயாஸில் (அதிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) எழுதியிருக்கும் ரெசல்யூஷன்கள் மட்டுமே தெரியும். 1280×800 அகலத்திரை மடிக்கணினியில் அந்த எண் பயாஸில் இல்லை என்றால் என்ன செய்தாலும் வராது. இன்டெல் ஜிஎம்ஏ 3600 வேறு வகை: திரை அளவு சரியாக வரும், ஆனால் முப்பரிமாண வேகம் கிடைக்காது. எஸ்ஐஎஸ் சிப் என்று முதல் சோதனையிலேயே தெரிந்தால், மேசைக் கணினியில் இரண்டாம் கையாக ஒரு பழைய ரேடியான் கார்டைப் போடுங்கள். மடிக்கணினி என்றால் இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

## அறிகுறி 2: அப்டேட் போட்டேன், திரை சிறுத்துவிட்டது

இப்படி யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி: "என்விடியாவா?" பதில் அநேகமாக ஆமாம் என்றுதான் வரும்.

என்விடியாவின் சொந்த டிரைவர், கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்பட வேண்டும். பழைய கார்டுக்கான பழைய டிரைவர் புதிய கெர்னலோடு ஒத்துப்போகாமல் கட்டுவது தோற்றால், கணினி சத்தம் போடாமல் 1024×768-க்கு இறங்கிவிடும்.

உறுதி செய்ய எளிய வழி: க்ரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், பட்டியலில் இரண்டாவதாக உள்ள பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் திரை சரியாக வந்தால் சந்தேகமே வேண்டாம். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கட்டளையும் எந்தக் கெர்னலுக்கு டிரைவர் கட்டப்பட்டது, எதற்கு இல்லை என்று காட்டிக்கொடுக்கும். பழைய கார்டைப் புதிய மதர்போர்டில் செருகியிருந்தால் செக்யூர் பூட்டையும் பாருங்கள்: அது இயங்கிக்கொண்டிருந்தால் கையொப்பமில்லாத டிரைவரை உள்ளே விடாது.

இனி முடிவெடுக்கும் இடம். கார்டு எந்தத் தலைமுறை?

ஜிஃபோர்ஸ் 6, 7 வரிசைக்கான 304 டிரைவரின் ஆதரவு 2017-லேயே முடிந்தது. 8, 9, 200, 300 வரிசைகளுக்கான 340, 2019-ல். 400, 500 வரிசைகளுக்கான 390, 2022-ல். 600, 700 வரிசைகளில் பெரும்பாலானவற்றுக்கு உரிய 470, 2024-ல். இவற்றில் உங்களுடையது இருந்தால் பழைய டிரைவரைப் புதிய கெர்னலில் ஒட்டவைக்கும் ஒட்டுப்பணியில் இறங்காதீர்கள். இன்று ஒட்டினால் அடுத்த அப்டேட்டில் பிய்யும். இணையத்தில் உலவும் ஒட்டுகளைப் போட்டு ஓட்டுபவர்கள் உண்டு. அந்தப் பொறுமை எனக்கில்லை, உங்களுக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நூவோவுக்கு மாறுங்கள். என்விடியா என்று தொடங்கும் பொதிகளை ஏபிடி பர்ஜ் கொண்டு முழுதாக நீக்குங்கள். நிறுவனத் தளத்திலிருந்து இறக்கிய .ரன் கோப்பால் நிறுவியிருந்தால், அதையே --அன்இன்ஸ்டால் சேர்த்து ஓட்டி நீக்க வேண்டும். ஏபிடிக்கு அது தெரியாது. அப்புறம் பலர் கோட்டைவிடும் ஒரு படி: ஈடிசிக்குள் மோட்ப்ரோப்.டி என்ற கோப்புறையில் 'பிளாக்லிஸ்ட் நூவோ' என்று எழுதிய கோப்பு மிச்சம் இருக்கும். அது இருக்கும் வரை நூவோ ஏறாது. அந்தக் கோப்பை எடுத்துவிட்டு, ஃபர்ம்வேர் பகுதியில் சொன்ன சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு கொடுத்து, மறுதொடக்கம் செய்யுங்கள்.

நூவோவில் விளையாட்டுகளின் வேகம் குறையும். சில கார்டுகளில் எப்போதாவது திரை உறைவதும் உண்டு. உலாவி, ஆவணம், படம் பார்ப்பது என்று இருப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. விளையாட்டுதான் முக்கியம் என்றால், பழைய கெர்னலிலேயே நிற்பதைவிட வேறு கார்டு வாங்குவது மேல்.

## அறிகுறி 3: டிரைவர் சரி, ஆனால் பட்டியல் 1024×768-ல் முடிகிறது

மானிட்டர் ஒவ்வொன்றும் தான் என்னென்ன ரெசல்யூஷன் காட்டும் என்ற குறிப்பை ஒரு சிறு சிப்பில் வைத்திருக்கிறது. அதன் பெயர் இடிஐடி. அது கார்டுக்கு வராவிட்டால், கெர்னல் பத்திரமாக 1024×768 வரை மட்டும் பட்டியலிடும்.

வருகிறதா என்று பார்க்க: /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் கோப்புறைக்குள் கார்டு0-விஜிஏ-1 என்பது போல ஒரு துணைக் கோப்புறை இருக்கும் (கார்டு1 என்றும் இருக்கலாம்). அதனுள் இடிஐடி என்ற கோப்பு. அந்தத் துணைக் கோப்புறைக்குள் போய், கேட் இடிஐடி | டபிள்யூசி -சி கொடுங்கள். 128 அல்லது 256 என்று வந்தால் குறிப்பு வந்து சேர்கிறது. 0 என்றால் வரவில்லை. எல்எஸ் கொடுத்து அளவைப் பார்க்காதீர்கள்: கோப்பு நிறைந்திருந்தாலும் அது 0 என்றுதான் காட்டும், வீணாகக் கேபிளைக் குறை சொல்ல நேரும்.

### 0 வந்தால்

மானிட்டரை முதலில் போட்டு, பிறகு கணினியைப் போடுங்கள். சில மானிட்டர்கள் அணைந்திருக்கும்போது பதில் சொல்லாது.

இடையில் இருப்பதையெல்லாம் கழற்றுங்கள். கேவிஎம் சுவிட்ச், ஸ்ப்ளிட்டர், நீட்டிப்புக் கேபிள், டிவிஐ-விஜிஏ மாற்றி: இவை எதிலும் இடிஐடி அறுந்துபோகும். நேராக ஒரே கேபிளில் கோர்த்துப் பாருங்கள்.

கேபிளைக் கழற்றி முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விஜிஏவின் 15 பின்களில் இடிஐடி போவது 12, 15 ஆகிய இரண்டில். எண்ணிடுவது மூன்று வரிசையாக, வரிசைக்கு ஐந்து. ஆக இரண்டுமே மூன்றாவது வரிசையில் இருப்பவை. அதில் ஒன்று மடங்கியிருந்தாலும், மலிவான கேபிளில் அந்தக் கம்பியே இல்லாமல் இருந்தாலும், நிறம், படம் எல்லாம் பளிச்சென்று வரும், ரெசல்யூஷன் மட்டும் வராது. நடு வரிசையில் 9-ஆம் பின் காணவில்லை என்றால் பதற வேண்டாம். பல கேபிள்களில் அது இயல்பாகவே இருக்காது.

வேறு கேபிள், அப்புறம் வேறு மானிட்டர். இந்த வரிசையில் மாற்றிப் பாருங்கள். வேறு மானிட்டரில் பட்டியல் முழுதாக வந்தால் பழைய மானிட்டரின் சிப் போய்விட்டது. மானிட்டரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, கையால் சொல்லிக்கொடுக்கலாம்.

### கையால் ரெசல்யூஷன் சேர்ப்பது

முதலில் எக்கோ $எக்ஸ்டிஜி_செஷன்_டைப் (டாலர் குறிக்குப் பின் உள்ளது மட்டும் பெரிய எழுத்தில்). வேலண்ட், எக்ஸ்-11 இரண்டும் திரையில் வரைவதற்கான இரு வேறு முறைகள். வேலண்ட் என்று வந்தால் எக்ஸ்ரேண்டர் வழி செல்லாது. உள்நுழைவுத் திரையில் எக்ஸ்-11 அமர்வு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது கீழே உள்ள கெர்னல் வழிக்குப் போங்கள்.

எக்ஸ்-11 என்றால் மூன்று படிகள். 1920×1080-க்கு:

எக்ஸ்ரேண்டர் --நியூமோட் முழு 148.50 1920 2008 2052 2200 1080 1084 1089 1125 +எச்சிங்க் +விசிங்க்

எக்ஸ்ரேண்டர் --ஆட்மோட் விஜிஏ-1 முழு

எக்ஸ்ரேண்டர் --அவுட்புட் விஜிஏ-1 --மோட் முழு

'முழு' என்பது நாமே வைக்கும் பெயர், எதுவாகவும் இருக்கலாம். விஜிஏ-1 இடத்தில் உங்கள் எக்ஸ்ரேண்டர் காட்டும் வெளியீட்டின் பெயரைப் போடுங்கள். 1366×768 மானிட்டருக்கு எண்கள்: 85.50 1366 1436 1579 1792 768 771 774 798, இரண்டு சிங்க்கும் கூட்டல் குறியோடு. மற்ற அளவுகளுக்கு சிவிடி 1440 900 என்பது போலக் கொடுத்தால் எண்களைக் கணக்கிட்டுத் தரும். சிவிடியிடம் 1366 கேட்டால் மட்டும் 1368 என்று தரும், எட்டால் வகுபட வேண்டும் என்பது அதன் பிடிவாதம். அதனால்தான் மேலே தனியாகக் கொடுத்தேன்.

திரை 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று காட்டினால் ஒன்றும் கெடவில்லை. கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தி உள்நுழைந்து மறுதொடக்கம் செய்தால் மாற்றம் போய்விடும். மானிட்டரின் உண்மையான அளவு என்ன என்று அதன் பின்புறம் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

சரியாக வந்தபின் அந்த மூன்று வரிகளையும் ஹோம் கோப்புறையில் .எக்ஸ்ப்ரொஃபைல் என்ற கோப்பில் எழுதி வைத்தால் ஒவ்வொரு உள்நுழைவிலும் தானே நடக்கும்.

வேலண்ட் என்றால், அல்லது உள்நுழைவுத் திரையும் பெரிதாக வேண்டும் என்றால், க்ரப் கோப்பில் கெர்னல் வரியில் (அறிகுறி 1-ல் நோமோட்செட்டைத் தேடிய அதே இடம்) வீடியோ=விஜிஏ-1:1920எக்ஸ்1080@60 என்று சேர்த்து, அங்கே போலவே சூடோ அப்டேட்-க்ரப் கொடுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய ரேடியான் கார்டில் எக்ஸ்ரேண்டர் இதே வெளியீட்டை விஜிஏ-0 என்று காட்டும். கெர்னலுக்கு அது விஜிஏ-1. கெர்னல் வரியில் எழுதும் பெயரை எப்போதும் /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் கோப்புறையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

## அறிகுறி 4: இல்லாத இரண்டாவது திரை தெரிகிறது

மேசைக் கணினி, ஒரே மானிட்டர். ஆனால் அமைப்புகளில் 'லேப்டாப் திரை' என்று இன்னொன்று நிற்கிறது. இன்டெல் சிப் உள்ள சிறு பெட்டிக் கணினிகளில் இது அடிக்கடி வரும். உண்மையில் இல்லாத எல்விடிஎஸ் (மடிக்கணினித் திரைக்கான இணைப்பு) திரையை இருப்பதாகப் பயாஸ் சொல்ல, டிரைவரும் நம்பிவிடுகிறது. இரண்டிலும் ஒரே படத்தைக் காட்ட நினைத்து, இரண்டுக்கும் பொதுவான 1024×768-க்கு இறங்குகிறது.

அமைப்புகளில் அந்தப் பேய்த்திரையை அணைத்தால் அந்த அமர்வுக்குச் சரியாகும். நிரந்தரத் தீர்வு, கெர்னல் வரியில் வீடியோ=எல்விடிஎஸ்-1:டி. கடைசியில் உள்ள 'டி' அணைத்துவிடு என்று பொருள்.

## அறிகுறி 5: 1920×1080 வருகிறது, அதற்கு மேல் இல்லை

இங்கேதான் கார்டு உண்மையிலேயே எல்லையைத் தொடுகிறது. ஒற்றை இணைப்பு டிவிஐயின் வரம்பு 165 மெகாஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸில் 1920×1200 வரை அடங்கும், 2560×1440-க்கு 241.5 தேவை, அடங்காது. எச்டிஎம்ஐ 1.4 உள்ள கார்டு 3840×2160-ஐ 30 ஹெர்ட்ஸில்தான் தரும், சுட்டி நகர்த்தினாலே இழுவை தெரியும். கார்டில் டிஸ்ப்ளேபோர்ட் அல்லது இரட்டை இணைப்பு டிவிஐ இருந்தால் அதற்கு மாறுங்கள். டிவிஐ துளையின் நடுவில் இடைவெளி இன்றிப் பின்கள் நிறைந்திருந்தால் அது இரட்டை இணைப்பு. அப்படி எதுவும் இல்லையென்றால் கட்டளைகளோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

## எப்போது பழுது பார்ப்பவரிடம் கொடுப்பது

கணினியைப் போட்டதும் வரும் பயாஸ் திரையிலேயே கோடுகள், வண்ணக் கட்டங்கள், சிதறிய எழுத்துகள் தெரிந்தால் லினக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கார்டின் நினைவகமோ சிப்பின் பற்றவைப்போ போயிருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தால் மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தாலும், விசிறி சுற்றாமல் நின்றிருந்தாலும், விஜிஏ துளை கையால் தொட்டால் ஆடினாலும் மென்பொருளில் நேரம் செலவழிக்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள். மின்தேக்கியும் துளையும் மாற்றக்கூடியவை. சிப்பைச் சூடாக்கி மறுபடி பற்றவைக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்தக் காசை வேறு கார்டில் போடுங்கள். அந்த வைத்தியம் பெரும்பாலும் சில மாதங்களுக்கு மேல் தாங்காது.

கொடுக்கப் போகும்போது எல்எஸ்பிசிஐ வெளியீட்டையும் லைவ் யுஎஸ்பியில் என்ன நடந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸைப் பார்த்ததும் முதலில் அதை அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள்.